துபாய்ச் சம்பளத்துக்கு இங்கிலாந்தில் வீட்டுக் கடன்: புரோக்கருக்குக் கொடுத்த 995 பவுண்டு தகுமா?

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு மூன்று. ஆள் கெட்டிக்காரர், ஆனால் சோம்பேறி, அல்லது தலைக்கு மேல் வேலையை இழுத்துப் போட்டுக்கொள்பவர், எட்டு மாதம் பழகியும் இரண்டில் எது என்று எனக்குப் பிடிபடவில்லை. நிறுவனத்தின் பெயரைப் போடப்போவதில்லை. வெளிநாட்டுச் சம்பளக்காரர்களுக்கு இங்கிலாந்தில் கடன் வாங்கித் தருகிற புரோக்கர்களில் யாரிடம் போனாலும் இதே பாதையில்தான் நடக்க வேண்டியிருக்கும், அதனால் பாதையைப் பற்றிச் சொன்னால் போதும்.

நானும் கணவரும் பதின்மூன்று வருடமாகத் துபாயில் வேலை செய்கிறோம், இரண்டு பேருக்கும் இந்திய பாஸ்போர்ட். விசா வேலையோடு கட்டியது, வேலை முடிந்தால் கையில் வருவது கிராஜுவிட்டி மட்டும், பென்ஷன் என்று ஒன்று கிடையாது. வயதான காலத்தில் பவுண்டில் மாதாமாதம் ஏதாவது வரட்டுமே என்று, மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டில் ஒரு படுக்கையறை ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விடுவது என முடிவு செய்தோம். 2024 மே மாதம் இறங்கினோம்.

முதலில் புரோக்கர் எதற்கு என்று நானே இரண்டு வங்கிகளில் முயன்றேன். அதில் ஒன்று, துபாயில் என் சம்பளம் பதினோரு வருடமாக விழுகிற அதே வங்கியின் இங்கிலாந்துக் கிளை. அதே பெயர், அதே சின்னம். போனில் பேசிய பெண் மிகவும் மரியாதையாகச் சொன்னார், நீங்கள் சொல்வது வேறு நிறுவனம், எங்கள் பதிவேட்டில் நீங்கள் இல்லை என்று. அங்கே எக்ஸ்பீரியன், எக்விஃபேக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்று மூன்று நிறுவனங்கள் கடன் வரலாறு வைத்திருக்கின்றன, அவற்றில் உங்களைப் பற்றி ஒரு வரி இல்லையென்றால் நீங்கள் நேற்றுப் பிறந்த குழந்தைக்குச் சமம். துபாயில் கிரெடிட் கார்டு பாக்கியை ஒரு மாதம்கூடத் தள்ளிப்போடாமல் கட்டியதெல்லாம் அந்த எல்லையைத் தாண்டாது. இரண்டாவது வங்கி விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு மூன்று வாரம் கழித்து ஒரே வரியில் மறுத்தது. காரணம் எழுதவில்லை.

அப்புறம்தான் புரோக்கர். கட்டணம் 995 பவுண்டு, பாதி விண்ணப்பம் போடும்போது, மீதி வங்கியின் ஆஃபர் கடிதம் வந்ததும்.

முதல் அழைப்பு நாற்பது நிமிடம், அந்த நாற்பது நிமிடத்துக்கே பாதிக் கட்டணம் தகும் என்பேன். என் சம்பளம் எவ்வளவு என்று அவர் முதலில் கேட்கவே இல்லை. வீட்டில் யார் குடியிருக்கப்போகிறார்கள் என்றார். நான் சாதாரணமாக, இப்போதைக்கு வாடகைக்குத்தான், மூன்று வருடம் கழித்து மகள் அங்கே படிக்க வந்தால் அவள் இருப்பாள் என்று சொன்னேன். ஆள் உடனே நிறுத்தச் சொல்லிவிட்டார். வாடகைக்கு விடுவதற்கான கடன், அங்கே பை-டு-லெட் என்பார்கள், அதில் சொந்தக் குடும்பத்தினர் குடியிருக்கக் கூடாது என்று பெரும்பாலான வங்கிகள் நிபந்தனை போடுகின்றன. குடும்பத்தார் வீட்டில் நாற்பது சதவீதத்துக்கு மேல் பயன்படுத்தினால் அந்தக் கடன் சட்டப்படி வேறு வகைக்குப் போய்விடும், விதிகள் வேறு, கொடுக்கிற வங்கிகளும் மிகக் குறைவு. மகள் இருப்பாள் என்ற அந்த ஒரு வாக்கியத்தை நான் இரண்டாவது வங்கிக்குப் போட்ட விண்ணப்பத்தில் "கூடுதல் தகவல்" என்ற பெட்டியில் நானே தட்டிப் போட்டிருந்தேன்! அந்த வங்கி ஏன் மறுத்தது என்பதற்கு அதுதான் காரணமா தெரியாது, ஆனால் சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டது மாதிரிதான் இருந்தது. மகள் விஷயத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வாடகைக்கு மட்டும் என உறுதி செய்துகொண்டோம்.

இரண்டாவது கேள்வி பாஸ்போர்ட். வெளிநாட்டில் வசிக்கும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரருக்கு ஒரு வரிசை, எங்களைப் போன்ற வெளிநாட்டுக் குடிமக்களுக்கு வேறு வரிசை, அந்த இரண்டாவது வரிசையில் கவுண்டர்கள் குறைவு. அதில் பாதி வங்கிகள் புரோக்கர் வழியாக வந்தால்தான் விண்ணப்பத்தையே தொடும். மூன்றாவது கேள்வி, உலகத்தில் எங்காவது உங்கள் பெயரில் வீடு இருக்கிறதா. இருக்கிறது. அந்த "இருக்கிறது" என்ற பதிலுக்கு என்ன விலை கொடுத்தோம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

சம்பளத்தைக் கணக்குப் போட்ட விதம் தனிக் கதை. துபாய்ச் சம்பளச் சீட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அடிப்படைச் சம்பளம் ஒரு பக்கம், வீட்டு வாடகைப் படி, போக்குவரத்துப் படி, பள்ளிக் கட்டணப் படி என்று மறு பக்கம், சில பேருக்குப் படிகள்தான் சம்பளத்தைவிடப் பெரிது. எங்களுக்குக் கடன் கொடுத்த வங்கி அடிப்படையையும் வீட்டுப் படியையும் எடுத்துக்கொண்டது, மற்றதைத் தொடவில்லை, அப்புறம் வந்த தொகையிலும் இருபது சதவீதத்தைக் கழித்தது. வேறு நாணயத்தில் வருகிற வருமானம், நாளைக்கு மாற்று விகிதம் ஏறி இறங்கலாம், அதற்கான கழிவு. திர்ஹம் 1997-இலிருந்து ஒரு டாலருக்கு 3.6725 என்று ஆணி அடித்த மாதிரி நிற்கிறதே என்று வாதாடிப் பார்த்தேன். டாலர் நிற்கிறதா மேடம் என்று கேட்டார் புரோக்கர். சரிதான்.

இந்தக் கழிவைக் கேட்டு முதலில் எரிச்சல் வந்தது, பின்னணி தெரிந்த பிறகு குறைந்தது. போலந்து, ஹங்கேரி, குரோவேஷியா போன்ற நாடுகளில் ஏராளமான குடும்பங்கள் வட்டி குறைவு என்று சுவிஸ் ஃபிராங்கில் வீட்டுக் கடன் வாங்கின, சம்பளமோ உள்ளூர்ப் பணத்தில். ஃபிராங்க் ஏற ஏற, கட்டக் கட்டக் கடன் வளர்ந்தது. 2015 ஜனவரி 15 அன்று சுவிஸ் மத்திய வங்கி யூரோவுக்கு எதிராகப் பிடித்து வைத்திருந்த 1.20 என்ற எல்லையைத் திடீரென்று கைவிட, மிச்சமிருந்தவர்களும் அன்றைக்கே மாட்டிக்கொண்டார்கள். அதற்கு முந்தைய வருடமே ஐரோப்பிய ஒன்றியம் ஒரு சட்டம் போட்டிருந்தது, 2016 மார்ச்சில் பிரிட்டனிலும் அமலுக்கு வந்தது. கடன் வாங்குபவரின் வருமானம் வேறு நாணயத்தில் இருந்து, மாற்று விகிதம் இருபது சதவீதத்துக்கு மேல் நகர்ந்தால் வங்கி அவரை எச்சரிக்க வேண்டும், நாணயத்தை மாற்றிக்கொள்ளவோ வேறு பாதுகாப்போ தர வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் இந்தத் தலைவலியே வேண்டாம் என்று பல பெரிய வங்கிகள் வெளிநாட்டுச் சம்பளக்காரர்களையே தவிர்க்க ஆரம்பித்தன. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள், இந்தப் பாதுகாப்பு நீங்களே குடியிருக்கிற வீட்டுக் கடனுக்கு. வாடகைக்கு விடுகிற முதலீட்டுக் கடன்களில் பெரும்பாலானவை அதில் வராது. பணம் கொடுக்கும் முன் புரோக்கரின் பெயர் எஃப்சிஏ என்கிற பிரிட்டிஷ் நிதிக் கண்காணிப்பு அமைப்பின் பதிவேட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், இணையத்தில் இலவசமாகவே தேடலாம், நான் பார்த்தேன், இருந்தது.

இனி காகிதங்கள். இங்கேதான் உயிர் போனது.

வங்கியின் பட்டியலில் முதல் வரி: கடந்த இரண்டு வருட வருமான வரிக் கணக்கு. எமிரேட்ஸில் தனிநபர் வருமான வரியே கிடையாது. இல்லாத வரிக்கு ஏது தாள்? அதற்குப் பதிலாகக் கம்பெனி லெட்டர்ஹெட்டில் சம்பளச் சான்றிதழ், ஆறு மாத வங்கிக் கணக்கு அறிக்கை, அல் எதிஹாத் கிரெடிட் பியூரோ அறிக்கை. அதோடு வங்கியே எங்கள் எச்ஆருக்கு, அதுவும் லேண்ட்லைனில், போன் செய்து நான் அங்கே வேலை செய்கிறேனா என்று கேட்கும். கேட்டார்கள். இரண்டு முறையும் வெள்ளிக்கிழமை மதியம், எங்கள் அலுவலகத்துக்கு அன்று அரை நாள். யாரும் எடுக்கவில்லை. "வேலை உறுதிப்படுத்தப்படவில்லை" என்று கோப்பில் எழுதிவிட்டார்கள். அந்தப் போன் மணி அடித்த இடத்திலிருந்து பத்தடி தூரத்தில்தான் திங்கள் முதல் வியாழன் வரை நான் உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டாவது முகவரிச் சான்று. துபாயில் வீட்டு வாசலுக்குத் தபால் வராது, எல்லாம் போஸ்ட் பாக்ஸ்தான், என் வங்கி அறிக்கையில் இருப்பது என் கம்பெனியின் போஸ்ட் பாக்ஸ் எண். இங்கிலாந்து வங்கிக்குத் தெருப் பெயரும் கட்டட எண்ணும் வேண்டும். சரி, தேவா பில், அதாவது மின்சார, தண்ணீர் பில் கொடுக்கலாம் என்றால் அது கணவர் பெயரில். வாடகை ஒப்பந்தத்தின் இஜாரி பதிவும் அவர் பெயரில். பதின்மூன்று வருடம் இந்த ஊரில் வாழ்ந்ததற்கு என் பெயரில் ஒரு துண்டுச் சீட்டு இல்லை என்பதை சால்ஃபோர்டில் வீடு வாங்கப் போய்த்தான் கண்டுபிடித்தேன். கடைசியில் துபாய் ரெஸ்ட் செயலியில் உடன் வசிப்பவராக என்னைப் பதிந்து, அந்தச் சான்றை அனுப்பி, வீட்டு உரிமையாளரிடம் ஒரு கடிதமும் வாங்கிக் கொடுத்தோம். இது முதல் அழைப்பிலேயே புரோக்கர் சொல்லியிருக்க வேண்டியது, வளைகுடாவிலிருந்து வருகிற எத்தனை பேரைப் பார்த்திருப்பார்!

மூன்றாவது, பணம் எங்கிருந்து வந்தது. இது வீட்டுப் பத்திர வேலையைப் பார்த்த வக்கீல் பக்கத்துக் கேள்வி. கறுப்புப் பணத் தடுப்பு விதிகள், அவரைக் குறை சொல்ல முடியாது. ஆறு மாத அறிக்கையில் தம்பி எனக்கு அனுப்பிய 30,000 திர்ஹம் ஒரே தவணையில் விழுந்திருந்தது. அவன் கார் வாங்கும்போது நான் கொடுத்த கைமாற்று, திருப்பிக் கொடுத்திருக்கிறான், அவ்வளவுதான். ஒப்பந்தம் எங்கே என்றார் வக்கீல். தம்பியோடு யார் ஒப்பந்தம் போடுவார்கள்? வட்டி எவ்வளவு என்றார். கைமாற்றுக்கு வட்டி கிடையாது என்றேன். வட்டி இல்லையென்றால் அது அன்பளிப்பாக இருக்க வேண்டும், அப்படியென்றால் அன்பளிப்புக் கடிதம் வேண்டும் என்றார். அன்பளிப்பு இல்லை, என் பணம்தான் என்றேன். இப்படியே மூன்று வாரம். நான்கு வருடத்துக்கு முன் நான் அவனுக்கு அனுப்பிய வரியைப் பழைய அறிக்கையில் தோண்டியெடுத்துக் காட்டிய பிறகுதான் விட்டார். வீடு வாங்கும் எண்ணம் இருந்தால் அதற்கு ஆறு மாதம் முன்பிருந்தே உங்கள் கணக்கில் யாரையும் எதையும் போட விடாதீர்கள்.

இதற்கிடையில் முதலில் பிடித்திருந்த ஃபிளாட் கைநழுவிப் போனது. 2017 ஜூனில் லண்டனில் கிரென்ஃபெல் கட்டடம் எரிந்து 72 பேர் இறந்த பிறகு, அடுக்குமாடிகளின் வெளிச்சுவரில் பொருத்திய உறைக்குத் தீப்பாதுகாப்புச் சான்று, இடபிள்யூஎஸ்1 என்கிற படிவம், பல வங்கிகள் கேட்கின்றன. அந்தக் கட்டடத்துக்கு அது இல்லை. மதிப்பீட்டாளருக்குக் கட்டணம் கட்டிய பிறகுதான் தெரிந்தது, கட்டிய பணம் போனது போனதுதான். ஃபிளாட் என்றால் இந்தப் படிவம் இருக்கிறதா, லீஸ், அதாவது ஃபிளாட்டின் நீண்டகாலக் குத்தகை, இன்னும் எத்தனை வருடம் பாக்கி, இரண்டையும் விலை பேசும் முன்பே கேளுங்கள்.

இரண்டாவது ஃபிளாட் 1,80,000 பவுண்டு. கடன் எழுபத்தைந்து சதவீதம், 1,35,000. எங்களை மாதிரி ஆட்களுக்கு அதற்கு மேல் கிடைப்பது அபூர்வம். வட்டி ஐந்து வருடத்துக்கு நிலையாக 6.2 சதவீதம், வட்டி மட்டும் கட்டும் வகை, அதாவது மாதம் 697 பவுண்டுக்குச் சற்று மேல், அசல் அப்படியே நிற்கும். அங்கேயே வசித்து அங்கேயே சம்பாதிப்பவர் இதைவிடக் குறைந்த வட்டிக்கு வாங்கியிருப்பார், அது வயிற்றெரிச்சல்தான். வாடகை அந்த வட்டியைப் போல 145 சதவீதமாவது வர வேண்டும் என்றது வங்கி. கணக்குப் போட்டால் 1,011. மதிப்பீட்டாளர் எழுதிய வாடகை 1,050. முப்பத்தொன்பது பவுண்டு வித்தியாசத்தில் தேர்ச்சி. வங்கியின் ஏற்பாட்டுக் கட்டணம் கடனில் இரண்டு சதவீதம், 2,700 பவுண்டு, அதைக் கடனோடு சேர்க்காமல் கையிலிருந்தே கட்டச் சொன்னார் புரோக்கர். சேர்த்திருந்தால் அந்த முப்பத்தொன்பது பவுண்டு இடைவெளி பதினெட்டாகச் சுருங்கியிருக்கும். இது மாதிரி விஷயங்களில் ஆள் சூரர்.

இப்போது மதிப்பெண் எங்கே போனது என்று சொல்கிறேன். செப்டம்பர் 9 அன்று எல்லாக் காகிதமும் அவர் கையில். விண்ணப்பம் வங்கிக்குப் போனது செப்டம்பர் 30. நடுவில் விடுமுறையில் இருந்திருக்கிறார், அவருடைய அலுவலகத்தில் இன்னொருவர் பார்த்துக்கொள்வார் என்றார்கள், யாரும் பார்க்கவில்லை. நான்கு வாரத்தில் வரவேண்டிய ஆஃபர், மேலே சொன்ன எச்ஆர் கூத்தும் சேர்ந்து, நவம்பர் 12 அன்று வந்தது. ஏற்கெனவே எங்காவது வீடு வைத்திருப்பவர் இங்கிலாந்தில் இன்னொன்று வாங்கினால் முத்திரைத் தீர்வையில் கூடுதலாக மூன்று சதவீதம் இருந்தது. வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் அதற்கு மேல் 2021 ஏப்ரலிலிருந்து இன்னும் இரண்டு சதவீதம். 2024 அக்டோபர் 30 அன்று பட்ஜெட்டில் அந்த மூன்றை ஐந்தாக்கினார்கள், மறுநாளே அமல். அக்டோபர் 30-க்குள் விற்பவரோடு ஒப்பந்தம் பரிமாறியிருந்தால் தீர்வை 9,000 பவுண்டு, எங்களுக்கு 12,600. மூன்று வாரச் சோம்பலுக்கு 3,600 பவுண்டு. (அப்போது 2,50,000 வரை வழக்கமான தீர்வை இல்லை. 2025 ஏப்ரலிலிருந்து அந்த வரம்பு 1,25,000-க்கு இறங்கிவிட்டது, இன்று இதே விலைக்கு வாங்குபவர் இன்னும் 1,100 சேர்த்துக்கொள்ளுங்கள்.) கணவர், மனைவி இருவரில் ஒருவர் பெயரில் வீடு இருந்தாலே போதும், இருவருக்கும் சேர்த்துத்தான் கணக்கு. எதற்கும் ஊரில் யார் பெயரில் என்ன இருக்கிறது என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

புகார் எழுதினேன். வருத்தம் தெரிவித்தார்கள், மீதிக் கட்டணத்தில் 150 பவுண்டு குறைத்தார்கள். புரோக்கர் தன் பங்குக்கு ஒரு சமாதானம் சொன்னார், அது தவறில்லை என்பதுதான் கடுப்பு. செப்டம்பர் கடைசியில் பவுண்டு 1.34 டாலரில் இருந்தது. நாங்கள் மீதி டெபாசிட்டும் தீர்வையுமாக 39,600 பவுண்டு அனுப்பிய 2025 ஜனவரி நடுவில் அது 1.22 அளவுக்கு இறங்கியிருந்தது. திர்ஹத்தில் பார்த்தால் பதினேழாயிரத்துக்கு மேல் மிச்சம். கூடுதல் தீர்வையோ பதினாறாயிரம் சொச்சம் திர்ஹம். ஆக தாமதமானதில் உங்களுக்கு நஷ்டமே இல்லை மேடம் என்கிறார். பவுண்டு அந்தப் பக்கம் ஏறியிருந்தால் இவர் என்ன சொல்லியிருப்பார்? சந்தை இறங்கியதற்கு அவருக்கு மதிப்பெண் கொடுக்க நான் தயாராக இல்லை.

கடைசி நேரத்தில் இன்னொரு கூத்து. கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போது சாட்சி நேரில் இருக்க வேண்டும், வீடியோவில் பார்த்தால் செல்லாது, உறவினர் கூடாது என்றது வங்கி. அலுவலகத் தோழி வந்து கையெழுத்துப் போட்டார், கூரியரில் அனுப்பினோம், திரும்பி வந்தது. சாட்சியின் முகவரி போஸ்ட் பாக்ஸாம். மறுபடி அச்சடித்து, மறுபடி அவரை அழைத்து, மறுபடி கூரியர்.

சாவி கைக்கு வந்த பிறகு புரோக்கர் சொல்லாமல் விட்ட ஒன்று. வெளிநாட்டில் வசிக்கும் வீட்டுக்காரரின் வாடகையில் இருபது சதவீதத்தை வரிக்காகப் பிடித்து வைத்துத்தான் அங்கே வீட்டு ஏஜென்ட் அனுப்ப வேண்டும், அங்குள்ள வரித்துறையான எச்எம்ஆர்சியிடம் முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கினால் முழுதாக வரும். என்ஆர்எல்1 படிவம், கணவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. நாங்கள் தாமதமாகத்தான் போட்டோம், முதல் இரண்டு மாதம் பிடித்தம் போனது. வருடாந்திர வரிக் கணக்கில் சரிக்கட்டலாம், ஆனாலும் சொல்லியிருக்கலாம். இது என் வேலையில்லை என்பார், சட்டப்படி சரிதான்.

திரும்ப இவரிடம் போவேனா என்றால், ஐந்து வருட நிலை வட்டி முடியும்போது போவேன், இன்ன வங்கி இன்ன காரணத்துக்காக மறுக்கும் என்பது இவருக்கு மனப்பாடம், அந்த அறிவை நான் எங்கேயும் வாங்க முடியவில்லை. ஆனால் அடுத்த முறை திங்கள்தோறும் விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்று நானே கேட்பேன், எச்ஆர் எண்ணோடு எந்த நாள் எந்த நேரம் எடுப்பார்கள் என்றும் எழுதிக் கொடுப்பேன்.

போன வாரம் அலுவலகத்தில் ஒருத்தர் இவருடைய எண்ணைக் கேட்டார், அவர் லீட்ஸில் பார்க்கிறாராம். எண்ணைக் கொடுத்துவிட்டு, வீட்டு தேவா பில் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, பழைய ரூம்மேட் பெயரில் என்றார், அவர் ஊருக்குப் போய் இரண்டு வருடமாகிறதாம்.